சமையல் செய்யும் அம்மாவின் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சீர்காழிப் பக்கம் ஒரு சிற்றூர். தோழிகள் இருவருடன் சேர்ந்து, தனியாக வசிக்கும் முதியவர்கள் 40 பேருக்கு ஞாயிறு தவிர தினமும் மதியச் சாப்பாடு சமைத்து வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஆறு வருடமாக நடக்கிறது. டிரஸ்ட் பதிவு, டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்கு தரும் 12ஏ, நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை தரும் 80ஜி எல்லாம் உண்டு. மாதம் மளிகை, காய்கறி, கேஸுக்கு 31,000 ரூபாய், சமைக்கும் அம்மாவுக்கு 9,000, கொண்டுபோகும் பையனுக்கு 5,000 ஆகிறது. இரண்டு அறக்கட்டளைகளிடம் மளிகைச் செலவுக்கு மட்டும் உதவி கேட்டோம். சம்பளம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயம். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்று, இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி நடத்தினால் பணம் தருவதாகச் சொல்கிறது. இதற்கிடையில் ஒருவர், 50 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்குத் தரும் பணம்) வாங்கித் தருகிறேன், முதலில் 2 லட்சம் கட்டுங்கள் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவரும் பணம் அனுப்பத் தயார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டீச்சர், முதலில் அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். பணம் தருவதற்கு முன் உங்கள் கணக்கைப் பார்க்கும், ஆள் அனுப்பி வேலையைப் பார்க்கும். முன்பணம் கேட்காது. வந்த தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் விசாரணை என்று வந்தால் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். மாதம் 26 நாள், 40 பேர் என்றால் 1,040 சாப்பாடு. மளிகையையும் கேஸையும் மட்டும் வகுத்தால் ஒரு சாப்பாடு 30 ரூபாய்க்கும் கீழே வருகிறது. சம்பளத்தையும் சேர்த்தால் 43 ரூபாய் சொச்சம். இதில் எது உண்மை? சமைக்க ஆள் இல்லாமல் அரிசி சோறாகிவிடாது. சில வருடங்கள் ஓர் அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் படித்தவள் என்பதால் சொல்கிறேன், குறைத்துக் காட்டிய கணக்கைப் பார்த்தால் ‘அப்போது சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், அது நின்றால் என்ன ஆகும்?’ என்ற சந்தேகம்தான் வரும். ஆறு வருடமாக அடுப்படியில் நிற்கும் அந்த அம்மாவின் 9,000 ரூபாயை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

அப்புறம், நீங்கள் கொடுப்பது சாப்பாடு மட்டுமா? அந்தக் குழுவில் இருந்தபோது ஒருமுறை, வழவழ தாளில் அச்சடித்த விண்ணப்பங்களுக்கு நடுவே ஒரு கோடு போட்ட நோட்டு வந்தது. அட்டையில் மஞ்சள் கறை. உள்ளே தேதிவாரியாக யார் சாப்பிட்டார்கள், யார் இல்லை என்ற குறிப்பு. ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது: ‘மேலத்தெரு பாட்டி கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிப் பார்த்தோம். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.’ அந்த ஒரு வரிக்காகவே எல்லோரும் அந்த நோட்டை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். உங்கள் பையனும் தினமும் 40 கதவுகளைத் தட்டுகிறான். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டில், நாளுக்கு ஒருமுறை ஓர் ஆள் வந்து முகம் பார்ப்பது பெரிய காவல். இது உங்கள் விண்ணப்பத்தில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

யாரிடம் கேட்பது? 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பசி போக்குவதும் முதியோருக்கான வசதிகளும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் மும்பை முகவரிக்கு எழுதுவதைவிட, உங்கள் மாவட்டத்திலும் பக்கத்திலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனங்களைத் தேடுங்கள். அவர்களின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். பணம் எங்கே போனது என்ற பட்டியல் இருக்கும். சாப்பாட்டுக்கோ முதியோருக்கோ ஏற்கெனவே கொடுத்தவர்கள் யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மார்ச் நெருக்கத்தில் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில், அந்த ஆண்டின் திட்டம் போடும்போதே போய்விடுங்கள்.

அதற்கு முன் சில காகித வேலைகள். சி.எஸ்.ஆர். பணம் வாங்க, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். உங்களுக்கு இருக்கவேண்டிய மூன்றாண்டு அனுபவம் தாராளமாகவே இருக்கிறது. 12ஏ, 80ஜி பதிவுகளுக்கு இப்போது காலவரம்பு உண்டு, எதுவரை செல்லும் என்று ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். தொண்டு அமைப்புகளுக்காக மத்திய அரசின் நிதி ஆயோக் நடத்தும் தர்பண் இணையதளத்திலும் பதிந்துவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் சமைத்துக் கொடுப்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் தவிப்பார்கள்.

சிங்கப்பூர் மாணவர் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாசத்தோடு அனுப்புகிறார் என்று வாங்கிவிட்டு டிரஸ்ட்டையே சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். அவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் பயிற்சி வேண்டாம், டீச்சர். உங்களுக்கு அது தெரியாது என்பதால் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் கம்ப்யூட்டர் வரும், வாத்தியார் வருவார், ஒரு வருடம் ஓடும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் நிரப்ப வேண்டிய நேரத்தில் நீங்கள் வருகைப் பதிவேட்டோடு இன்னொரு இடத்தில் நிற்பீர்கள். ஆனால் அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள், அதை விட்டுவிடவும் கூடாது. ‘நன்றி. எங்களுக்குத் தெரிந்த வேலை இது. ஒரு சாப்பாடு 43 ரூபாய், அதில் இன்னின்ன செலவு. ஒருநாள் மதியம் வந்து எங்களோடு நான்கு வீடு நடந்து பாருங்கள்’ என்று எழுதுங்கள். வந்தாலும் வருவார்கள். வராவிட்டாலும் அதே கடிதம் அடுத்த நிறுவனத்துக்கு ஆகும்.

ஒரே இடத்தை நம்பி 45,000 ரூபாயையும் வைக்காதீர்கள். பெரும்பாலான நிதியுதவி ஒரு வருடம், மிஞ்சினால் மூன்று வருடம். மளிகைக்கடைக்காரர், கல்யாண மண்டபக்காரர், பிறந்தநாள், திதி என்று ஒருநாள் சாப்பாட்டை ஏற்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். 40 பேர் சாப்பாடு, நாளுக்கு 1,730 ரூபாய் என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ரசீதைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

அந்த நோட்டை மட்டும் நாளைக்கே ஆரம்பியுங்கள். சாப்பாட்டோடு பையனிடம் ஒரு பேனாவும் கொடுத்தனுப்புங்கள்.