குர்குமின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? மஞ்சள் குறித்த வாசகர் கேள்விகள்

ஒரே குவியல் மஞ்சளை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தேன். ஒன்றில் குர்குமின் 3.6 சதவீதம், இன்னொன்றில் 4.0. எதை நம்பி விலை பேசுவது? (விவசாயி, ஈரோடு மாவட்டம்)

இரண்டுமே சரியாக இருக்கலாம். குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள், அதை எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள். மஞ்சளில் 10 சதவீதம் ஈரம் இருந்து, ஓர் ஆய்வகம் வந்தபடியே எடை போட்டு 3.6 என்று சொன்னால், உலர் எடைக்குக் கணக்குப் போடும் ஆய்வகத்தில் அதே மஞ்சள் 4.0 ஆகிவிடும். மஞ்சள் மாறவில்லை, கணக்குதான் மாறியது.

அடுத்தது சோதனை முறை. யுவி ஸ்பெக்ட்ரோ கருவியில், பொடியின் சத்தை ஆல்கஹாலில் இறக்கி, அந்தக் கரைசல் 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். குர்குமினோடு டெமெதாக்ஸி குர்குமின், பிஸ்டெமெதாக்ஸி குர்குமின் என்ற இரண்டும் மஞ்சளில் உண்டு. யுவிக்கு இந்த மூன்றும் ஒன்றுதான், மொத்தமாக ஓர் எண் கொடுத்துவிடும். எச்பிஎல்சி என்ற கருவி, கரைசலைத் துகள் நிரப்பிய குழாய் வழியே அழுத்திச் செலுத்தி, மூன்றையும் தனித்தனியே பிரிக்கும். அதில் குர்குமினை மட்டும் எழுதினால் எண் குறையும், மூன்றையும் கூட்டி எழுதினால் ஏறும். எந்த முறை, ஈரத்தோடா உலர் எடைக்கா, குர்குமின் மட்டுமா மொத்தமா என்று எழுதாத ரிப்போர்ட்டை வைத்து விலை பேசாதீர்கள். கேட்டு எழுதி வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

இன்னொன்று, மேலே கிடந்த நாலு விரலியை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். விரலிக்கும் கிழங்குக்கும் அளவு வேறுபடும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, அரைத்து, அதிலிருந்து மாதிரி கொடுங்கள். கருவி எவ்வளவு நல்லதானாலும், நீங்கள் கொடுத்ததைத்தான் அளக்கும்.

முன்பு எச்பிஎல்சியில் 20 நிமிடம் ஓட்டியதை இப்போது சில நிமிடங்களில் முடிக்கிறார்களே, துல்லியம் குறையாதா? (வேதியியல் மாணவி)

முறையாகச் செய்தால் குறையாது. கரைசல் ஓடும் குழாயை ‘காலம்’ (column) என்போம். பழைய காலம்களில் நிரப்பிய துகள் 5 மைக்ரான் அளவு. இப்போதைய வேகமான வடிவமான யுஎச்பிஎல்சியில் 2 மைக்ரானுக்கும் கீழே. துகள் சிறுத்தால் மூலக்கூறு உள்ளே போய் வரும் தூரம் குறைகிறது, அதனால் வேகமாக ஓட்டினாலும் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் சிகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இதற்கு ஈடாகப் பம்ப் மிக அதிக அழுத்தம் தர வேண்டும். வழக்கமான சி18 வகைக் காலமில் பிஸ்டெமெதாக்ஸி முதலில், டெமெதாக்ஸி அடுத்து, குர்குமின் கடைசியாக வரும்.

நேரம் பிடிப்பது கருவிக்கு முன்னால் நடக்கும் வேலைதான்: அரைப்பது, எடை போடுவது, சத்தை முழுவதும் இறக்குவது, வடிகட்டுவது. இதில் அவசரப்பட்டால் பொடியிலேயே குர்குமின் தங்கிவிடும், எண் குறைவாக வரும். இரண்டாம் முறை கரைப்பான் ஊற்றி இறக்கிப் பாருங்கள், அதிலும் மஞ்சள் நிறம் வந்தால் முதல் முறை போதவில்லை.

என்ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) கருவியில் கரைப்பானே இல்லாமல் ஒரு நிமிடத்தில் எண் வருகிறது. வாங்கலாமா? (மஞ்சள் வியாபாரி)

சரக்கைத் தரம் பிரிக்க வாங்கலாம், தகராறைத் தீர்க்க வேண்டாம். என்ஐஆர் குர்குமினை நேராக அளப்பதில்லை. எச்பிஎல்சியில் அளந்த ஏராளமான மாதிரிகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. உள்ளூர் மஞ்சளை வைத்துப் பழக்கிய கருவியில் மேகாலயாவின் லகடாங் மஞ்சளை வைத்தால், அதில் குர்குமின் மிக அதிகம் என்பதால், வரும் எண்ணை நம்ப முடியாது. எந்த ரக மாதிரிகளை வைத்து அளவு திருத்தினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

பளிச்சென்ற மஞ்சள்பொடியில்தானே குர்குமின் அதிகம்? (இல்லத்தரசி, சேலம்)

இல்லை அம்மா, இதில் ஏமாறாதீர்கள். பளபளப்புக்காக லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஈயம் இருக்கிறது, ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குர்குமின் சோதனையில் இந்த நிறமி அகப்படாது, ஆல்கஹாலில் கரையாமல் வடிகட்டித் தாளிலேயே நின்றுவிடும். மெட்டானில் யெல்லோ சாயம் இதற்கு நேர்மாறு. அது கரைந்து ஏறக்குறைய அதே ஒளியை உறிஞ்சுவதால், யுவி சோதனையில் குர்குமின் கணக்கில் சேர்ந்து எண்ணைக் கூட்டிவிடும். அதனால் குர்குமின் அளவு நன்றாக இருக்கிறது என்பதை வைத்துப் பொடி சுத்தம் என்று சொல்லவே முடியாது.

ஈயத்தைக் கண்டுபிடிக்க, எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் என்ற கைக்கருவி இருக்கிறது, சில நிமிடங்களில் சொல்லிவிடும். வங்கதேசத்தில் 2019இல் அதிகாரிகள் இந்தக் கருவியோடு மொத்த விற்பனைச் சந்தைக்கே போய், அங்கேயே சோதித்து அபராதம் விதித்தார்கள், மக்களிடமும் எச்சரிக்கை பரப்பினார்கள். அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது, 2021இல் ஒன்றில்கூட இல்லை. நம் சந்தைகளிலும் இதை வழக்கமாக்க வேண்டும். அதுவரை முழு விரலி வாங்கிக் கழுவிக் காயவைத்து, நம்பிக்கையான மில்லில் அரையுங்கள். தோல் மேல் பூசிய நிறம் இருந்தால் கழுவும்போதே கொஞ்சம் தெரியும்.

பொடியைக் கண்ணாடி ஜாடியில் வைக்கலாமா? (ஒரு வாசகர், மதுரை)

வைக்கலாம், அலமாரிக்குள். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும். ஆய்வகத்திலும் பழுப்பு நிறக் குடுவையில்தான் கரைசலை வைப்போம்.