‘படுக்க வா’ என்றால் தப்பு, ‘போய்ப் படு’ என்றால் சரி

கேள்வி: தணிக்கைக்காரர்களிடமும் மாட்டி, விமர்சகர்களிடமும் அடி வாங்கிய பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படம் எதையாவது ரசித்துப் பார்த்திருக்கிறீர்களா? உண்மையிலேயே அது மோசமான படமா?

பார்த்திருக்கிறேன். சாப்ளினின் ‘மான்சியர் வெர்டூ’, 1947. ரசித்தேனா என்றால், முதல் தடவை இல்லை.

முதலில் பார்த்தது அப்பாவோடு. அப்பாவுக்கு சாப்ளின் என்றால் உயிர். அந்தத் தொளதொள பேண்ட், பிரம்பு, ஒட்டுமீசை, வாத்து நடை எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவார். வாடகைக்கு எடுத்து வந்த டிவிடியில் பழைய சாப்ளின் படம் என்று போட்டுக் கொடுத்தேன். திரையில் வந்தது நரைத்த தலையும் சின்னதாக முறுக்கிவிட்ட மீசையுமாக, கோட் சூட் போட்டு, பிரெஞ்சுக் கனவான் மாதிரி பேசிக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர், அவர் தொழில் பணக்காரப் பெண்களைக் கல்யாணம் செய்து கொல்வது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இது சாப்ளின் இல்லடா” என்று எழுந்து போய்விட்டார். நானும் முக்கால்வாசியில் தூங்கிவிட்டேன். அப்பா சொன்னதைத்தான் 1947இல் அமெரிக்காவும் சொன்னது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. என்ன, அப்பா எழுந்து போனதோடு விட்டார், அவர்கள் விடவில்லை.

படத்துக்கு மூலம் ஒரு நிஜக் கொலைகாரன். லாந்த்ரு என்ற பிரெஞ்சுக்காரன் முதல் உலகப்போர் சமயத்தில் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரம் கொடுத்து, வந்த பெண்களின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஆளையும் தீர்த்துக் கட்டினான், 1922இல் கில்லட்டினில் அவன் தலை போனது. இவன் கதையில் சாப்ளினை நடிக்க வைத்துத் தான் இயக்கலாம் என்பது இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் யோசனை. சாப்ளின் யோசனையை 5,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு, எழுத்து, இயக்கம், நடிப்பு, இசை எல்லாம் நானே என்று உட்கார்ந்துவிட்டார். டைட்டிலில் வெல்ஸுக்கு ஒரு வரி மட்டும் உண்டு. சாப்ளின் செய்த முக்கியமான மாற்றம், கதையைப் பொருளாதார மந்த காலத்துக்கு நகர்த்தியது. வெர்டூ முப்பது வருஷம் நேர்மையாக வேலை பார்த்த வங்கி குமாஸ்தா, மந்தம் வந்ததும் வேலை போய்விட்டது, வீட்டில் சக்கர நாற்காலியில் மனைவி, சின்னப் பையன். சரி, இனி இதுதான் தொழில் என்று ஆரம்பிக்கிறான். கொலை செய்கிற நேரம் போக வீட்டுக்கு வந்து, பூனை வாலைப் பிடித்து இழுக்கும் மகனிடம் அப்படியெல்லாம் கொடுமை செய்யக் கூடாது என்று புத்தி சொல்கிறான்.

இப்போது தணிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் படத்தை விட இது பெரிய காமெடி. அப்போது ஹாலிவுட்டில் தணிக்கையை நடத்தியது அரசாங்கம் இல்லை, தயாரிப்பாளர்களே வைத்துக்கொண்ட அமைப்பு. ஜோசப் ப்ரீன் என்பவர் அதன் தலைவர். படம் எடுப்பதற்கு முன்னாலேயே திரைக்கதையை அவர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் முத்திரை இல்லாவிட்டால் பெரும்பாலான தியேட்டர்களில் படம் ஓடாது. 1946இல் சாப்ளின் அனுப்பிய ஸ்கிரிப்ட் மொத்தத்தையும் நிராகரித்து நீளமாக ஒரு கடிதம் வந்தது. அதையும் அதற்குப் பின் வந்த ஆட்சேபங்களையும் சாப்ளின் தன் சுயசரிதையில் விரிவாகக் கொடுத்திருக்கிறார், கிடைத்தால் அந்த அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான்: வெர்டூ சமூக அமைப்பைச் சாடுகிற பகுதிகளை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போரில் நடக்கும் கொலைகளோடு ஒப்பிட்டால் தன் கொலைகள் ஒன்றுமே இல்லை என்று அவன் நியாயம் பேசுவதை ஏற்க முடியாது. போர் நியாயமா அநியாயமா என்ற தர்க்கத்துக்குள் நாங்கள் போக விரும்பவில்லை. அப்புறம், போலிக் கல்யாணம் செய்து பெண்களை ஏமாற்றுகிற கதை என்பதால் கள்ள உறவின் வாடை அடிக்கிறது, அது நல்லதில்லை.

இதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் திருத்தங்கள். குளியலறைக் காட்சியில் டாய்லெட்டைக் காட்டக் கூடாது, இருப்பதாகக்கூடத் தெரியக் கூடாது. இன்னொரு இடத்தில் வெர்டூ ராத்திரி நிலவைப் பார்த்துக் கவிதை பேசிக்கொண்டிருக்க, அவனுடைய மனைவிகளில் ஒருத்தியான லிடியா அதை விட்டுவிட்டுப் படுக்க வா என்கிறாள். ‘படுக்க வா’ கூடாதாம், ‘போய்ப் படு’ என்று மாற்ற வேண்டுமாம். அவர்கள் தாம்பத்தியத்தில் ஈடுபடப் போகிறார்கள் என்ற எண்ணமே பார்ப்பவர்களுக்கு வராதபடி காட்சி அமைய வேண்டும். யோசித்துப் பாருங்கள், அந்த அறைக்குள் போய் அவன் அவளைக் கொல்லப் போகிறான். விடிந்ததும் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே தனியாக வெளியே வந்து அவள் பணத்தை எண்ணுகிறான். அந்தக் கொலைக்கு ஆட்சேபம் வரவில்லை. கொலைக்கு முன்னால் வேறு எதுவும் நடந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தெருவில் வெர்டூ சந்திக்கும் இளம்பெண் ஒருத்தி உண்டு. புதிதாகச் செய்த விஷத்தை யார் மேலாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளைக் கூட்டி வருகிறான், அவள் கதையைக் கேட்டதும் மனசு மாறி, சாப்பாடு போட்டு, கையில் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறான். ஸ்கிரிப்டில் அவள் பாலியல் தொழில் செய்பவள். அது கூடாது என்றார்கள், அகதிப் பெண்ணாக மாறினாள். கடைசியில் பாதிரியாரோடு வெர்டூ பேசும் கிண்டலான உரையாடலும் அவர்களை உறுத்தியது. சாப்ளின் நேரில் போனபோது அங்கிருந்த உதவியாளர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, கத்தோலிக்கச் சபை மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்டாராம். ப்ரீன் அவ்வளவு கடுமையான ஆள் இல்லை. பேசிப் பேசி, சில்லறை மாற்றங்களோடு முத்திரை கிடைத்துவிட்டது. சமூகத்தைச் சாடும் வசனங்கள் பெரும்பாலும் அப்படியே தப்பித்தன.

அதாவது, முத்திரை கொடுத்தவர்கள் விட்டதைப் பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

1947 ஏப்ரல் 11, நியூயார்க்கில் முதல் காட்சி. ஹாலில் படம் பிடிக்காதவர்கள் ‘உஸ்’ என்று சீறும் சத்தம் கேட்க, சாப்ளினால் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போனார். மூன்று நாள் கழித்து ஒரு ஹோட்டலில் நிருபர்கள் சந்திப்பு. கசாப்பை ஆரம்பியுங்கள் என்கிற தொனியில் அவரே தொடங்கி வைத்தார், அவர்களும் குறை வைக்கவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். நீங்கள் கம்யூனிஸ்டா, இத்தனை வருஷம் இங்கே சம்பாதித்துவிட்டு ஏன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை, போருக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் மாற்றி மாற்றி. ஜேம்ஸ் ஏஜி என்ற விமர்சகர் மட்டும் பால்கனியிலிருந்து எழுந்து, ஒரு கலைஞனை இப்படி நோண்டுகிறீர்களே என்று கோபப்பட்டார். பின்னர் ‘தி நேஷன்’ பத்திரிகையில் இந்த ஒரு படத்துக்காக மூன்று பகுதிகளில் விமர்சனம் எழுதியவர் அவர்.

அந்தக் கோபத்துக்குப் பின்னணி இல்லாமல் இல்லை. போர்க்காலத்தில் ரஷ்யாவுக்கு ஆதரவாக மேடையேறிப் பேசியவர் சாப்ளின். போதாக்குறைக்கு ஓர் இளம் நடிகை தொடர்பான வழக்குகள். குற்ற வழக்கில் 1944இல் விடுதலையானார், ஆனால் குழந்தைக்குத் தந்தை யார் என்ற வழக்கில் ரத்தப் பரிசோதனை அவர் இல்லை என்று சொல்லியும் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. பெண்கள் விஷயத்தில் பேர் கெட்டிருக்கும் நேரத்தில் பெண்களைக் கொல்கிறவனாக நடிக்க ஒரு துணிச்சல் வேண்டும், அல்லது கொஞ்சம் திமிர். அவரிடம் ரெண்டும் இருந்தது.

அப்புறம் நடந்தது சரிவுதான். மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைத் தலைவர் லாய்ட் பின்ஃபோர்ட் படத்தைத் தடை செய்தார். கத்தோலிக்க முன்னாள் படைவீரர்கள் தட்டி பிடித்துத் தியேட்டர் வாசலில் நின்றார்கள். கடைசியில் படத்தைத் திரையிடுவதையே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது என்பது தனிக்கூத்து.

சரி, மோசமான படமா? திட்டியவர்கள் எல்லோருமே அரசியலுக்காகத் திட்டினார்கள் என்று சொன்னால் அது பொய். குறைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பாரிஸ் பாரிஸ் மாதிரியே இல்லை, ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போகும்போதெல்லாம் ஓடும் ரயில் சக்கரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி ஒப்பேற்றியிருக்கிறார். இத்தனை காலம் பேசாமலே எல்லாவற்றையும் சொன்ன மனிதர் இங்கே நிறுத்தாமல் பேசுகிறார். ஒரு கொலை செய்தால் கொலைகாரன், லட்சக்கணக்கில் செய்தால் வீரன் என்ற பிரபலமான வசனம் நல்ல வசனம்தான், ஆனால் அதைச் சொல்லும்போது வெர்டூ காணாமல் போய் சாப்ளின் நேராக நம்மிடம் பேசுவதுபோல இருக்கிறது. கொல்லப்படும் பெண்களைச் சிடுமூஞ்சிகளாகவும் அசடுகளாகவும் காட்டி நம் இரக்கத்தைத் தடுத்துவிடுவதும் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனாலும் சிரிப்பு வரும் இடங்கள் இருக்கின்றனவே! ஆரம்பத்தில் வெர்டூ தோட்டத்தில் ரோஜா வெட்டிக்கொண்டிருப்பான், பாதையில் ஊர்ந்து போகும் கம்பளிப்பூச்சி மிதிபட்டுவிடப் போகிறதே என்று பதறிப்போய் அதை எடுத்து ஓரமாக விடுவான். பின்னால் குப்பை எரிக்கும் அடுப்பிலிருந்து மூன்று நாளாகப் புகை போய்க்கொண்டிருக்கும். எரிவது என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்புறம் பணம் எண்ணுவது. வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்த விரல்கள் மிஷின் மாதிரி நோட்டைத் தள்ளும், கொலை செய்த பணமானாலும் அந்த வேகம் குறையாது. இதை ஒரு வசனம்கூட இல்லாமல் செய்கிறார், பழைய சாப்ளின் அங்கே இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே மார்த்தா ரே. அன்னபெல்லா என்ற மனைவியாக வருகிறார். கொட்டிக் கிடக்கும் பணம், ஊரைக் கூட்டும் சிரிப்பு, முரட்டு அதிர்ஷ்டம். இவளை மட்டும் வெர்டூவால் கொல்லவே முடியாது. விஷம் வைத்தால் வேலைக்காரி அதைத் தலைக்குப் போடும் மருந்து என்று எடுத்துக்கொள்கிறாள், முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. சரி, ஏரியில் தள்ளிவிடலாம் என்று படகில் கூட்டிப் போகிறான். கயிறும் கல்லும் தயார். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறாள், இவன் எழுந்தால் படகு ஆடுகிறது, திரும்பிப் பார்த்தால் அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறான், கடைசியில் தண்ணீரில் விழுவது இவன்தான், காப்பாற்றுவது அவள்!

சாப்ளின் இந்தப் படத்தைத் தன் படங்களிலேயே புத்திசாலித்தனமானது என்று சொல்லிக்கொண்டார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். 1952இல் அவர் லண்டனுக்குக் கப்பல் ஏறியதும் திரும்பி வரும் அனுமதியை அமெரிக்கா ரத்து செய்தது, 1964இல் அதே நியூயார்க்கில் இந்தப் படம் மறுபடி வெளியானபோது கூட்டம் வந்தது. அவர் அந்த ஊரில் மறுபடி கால் வைத்தது 1972இல்.

போன வருஷம் அப்பாவிடம் செல்போனில் அந்தப் படகுக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன், என்ன படம் என்று சொல்லாமல். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சாப்ளின் தண்ணீரில் விழுந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். முடிந்ததும், “அந்தம்மாவ கடைசில கொன்னுடுறானா?” என்றார்.

“இல்லப்பா, அவ தப்பிச்சுடுறா. இவன்தான் மாட்டிக்கிறான்.”

“அப்போ முழுசாப் போடு, பார்ப்போம்.”

இந்தத் தடவை கடைசி வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்த நீளமான வசனம் வந்தபோது மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.