கல்லூரி ப்ராஜெக்டுக்காக ரேஸ் காரின் சஸ்பென்ஷன் ஆர்ம்களை நாங்களே வடிவமைத்துச் செய்து சோதிக்கப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிக்கும், இரண்டு கால் கொண்ட A வடிவ ஆர்ம்கள்) வைத்த சிறிய ஃபார்முலா வகைக் கார், பைப்பை வெட்டிப் பற்றவைத்த ஆர்ம்கள், புஷ்ராட் (சக்கரத்தின் அசைவை ஸ்பிரிங்குக்குத் தள்ளும் தண்டு) வழியே ஸ்பிரிங் என்று கேள்வியின் விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். "16 மி.மீ. பைப் தாங்குமா, 20-க்குப் போகலாமா?" என்பதுதான் உங்கள் பெரிய சந்தேகமாகத் தெரிகிறது. 16 தாங்கும். நேராக இழுபட்டோ அமுங்கியோ பைப் உடைவது அபூர்வம். உடைவதெல்லாம் வெல்டின் ஓரத்தில், ராட் எண்டின் (முனையில் பந்து மூட்டு வைத்த திருகுத் தண்டின்) மரையில், புஷ்ராட்டுக்காக ஆர்மின் மேல் பற்றவைத்த பிராக்கெட்டில். அதாவது வளைவு எங்கே நுழைகிறதோ அங்கே.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஓட்டுநரோடு 300 கிலோ, முன்பக்கம் 47 சதவீதம், எடை மையம் தரையிலிருந்து 300 மி.மீ., வீல்பேஸ் 1550, டிராக் 1200 என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது ஒரு முன்சக்கரத்தில் சுமார் 692 நியூட்டன். 1.5 ஜி-யில் திரும்பும்போது உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மொத்தம் 1104 நியூட்டன் மாறும். அதில் பாதி முன்பக்கம் என்று எடுத்தால் (இது ரோல் விறைப்பை, அதாவது திருப்பத்தில் கார் சாய்வதை முன்னும் பின்னும் எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பொறுத்தது, பிறகு திருத்திக்கொள்ளலாம்) வெளி முன்சக்கரத்தில் 1244 நியூட்டன். டயரின் பிடி 1.5 என்றால் பக்கவாட்டு விசை 1866 நியூட்டன்.

இந்த 1866 அப்படியே கீழ் ஆர்முக்குப் போகாது. விசை தரையில் விழுகிறது, பிடிக்கும் மூட்டுகளோ மேலே இருக்கின்றன. கீழ் மூட்டு தரையிலிருந்து 120 மி.மீ., மேல் மூட்டு 320 மி.மீ. என்றால், கீழ் ஆர்மில் 1866 × 320 ÷ 200 = 2986 நியூட்டன், மேல் ஆர்மில் எதிர்த்திசையில் 1120. டயரில் வந்ததைவிடக் கீழ் ஆர்மில் 1.6 மடங்கு. இரண்டு மூட்டுகளையும் நெருக்கி வைத்தால் இந்தப் பெருக்கம் இன்னும் ஏறும். ரிம்முக்குள் இடம் போதவில்லை என்று அப்ரைட்டைக் (சக்கர பேரிங்கைத் தாங்கி இரண்டு ஆர்ம்களையும் இணைக்கும் பாகத்தை) குட்டையாக்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பிரேக்கிலும் இதே கதை. 1.5 ஜி பிரேக்கில் ஒரு முன்சக்கரத்துக்கு 1119 நியூட்டன் எடை, 1678 நியூட்டன் பிரேக் விசை. காலிப்பர் அப்ரைட்டில் இருந்தால் பிரேக்கின் திருப்புவிசையும் அப்ரைட் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் விசை தரையில் விழுவதாகவே கணக்கிடுங்கள்: கீழ் மூட்டில் 2685 நியூட்டன். பிரேக் காருக்குள் டிஃபரன்ஷியல் பக்கத்தில் இருந்தால் மட்டும் சக்கர மையத்தில் விழுவதாக எடுக்கலாம். ஆர்ம் 350 மி.மீ. நீளம், உள்பக்க இரண்டு மூட்டுகளுக்கும் இடையே 250 மி.மீ. என்றால் ஒரு காலில் 3992 நியூட்டன் இழுவிசை, மற்றதில் அதே அளவு அமுக்கவிசை. பிரேக்கையும் திருப்பத்தையும் முழு அளவில் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். டயருக்கு இருப்பது ஒரே பிடி, இரண்டும் அதைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இப்போது பைப்புக்கு வருவோம். 16 மி.மீ. வெளிவிட்டம், 1.2 மி.மீ. தடிமன், கால் நீளம் 372 மி.மீ. 3992 நியூட்டனில் தகைவு (ஸ்ட்ரெஸ்) 72 மெகாபாஸ்கல்தான். அமுங்கி வளைந்து மடங்க 22 கிலோநியூட்டனுக்கு மேல் வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, சுமார் 14 கிலோநியூட்டனில், சாதாரண மைல்ட் ஸ்டீல் பைப் யீல்டு ஆகிவிடும் (நிரந்தரமாக உருமாறும்). அப்படிப் பார்த்தாலும் மூன்றரை மடங்கு பாதுகாப்பு இருக்கிறது.

அதே ஆர்மில், வெளிமூட்டிலிருந்து 50 மி.மீ. உள்ளே தள்ளிப் புஷ்ராட் பிராக்கெட்டை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பள்ளத்தில் விழுந்து ஏறும்போது நிலை எடையைப்போல் மூன்று மடங்கு என்பது வழக்கமான தொடக்கக் கணிப்பு, அதாவது 2076 நியூட்டன். 50 மி.மீ. நெம்பினால் 1,03,800 நியூட்டன் மி.மீ. வளைவு. இரண்டு கால்களும் சமமாகப் பகிர்ந்தாலும் ஒவ்வொன்றிலும் 270 மெகாபாஸ்கல். 72 எங்கே, 270 எங்கே! அதுவும் வெல்டின் சூடு பட்டு உலோகம் மாறிய இடத்திலேயே வருகிறது. சாதாரண மைல்ட் ஸ்டீல் பைப்பின் யீல்டு சுமார் 250. முதல் பெரிய பள்ளத்திலேயே ஆர்ம் நிரந்தரமாக வளைந்துவிடும்.

பைப்பை 20 மி.மீ. ஆக்கினால் 270 என்பது 165 ஆகும், எடை கால் பங்குக்கு மேல் கூடும். பைப்பைத் தொடாமல் பிராக்கெட்டை வெளிமூட்டிலிருந்து 15 மி.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் 81 ஆகிவிடும், எடை கூடாது. இன்னும் நல்லது, புஷ்ராட்டின் மையக்கோடு வெளிமூட்டின் மையத்தையே வெட்டும்படி அமைப்பது. இடம் இல்லையென்றால் புஷ்ராட்டை நேராக அப்ரைட்டிலேயே மாட்டலாம். ஆனால் முன்சக்கரத்தில் ஸ்டியரிங் திரும்பும்போது புஷ்ராட்டும் சேர்ந்து அசையும், கார்னர் எடை (ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடை) மாறும். பின்சக்கரத்துக்கு அது தொல்லையில்லாத தீர்வு.

அடுத்த பலவீனம் ராட் எண்ட். விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தாங்குதிறன் நேரான விசைக்கு மட்டும். எம்8 மரையின் அடிவிட்டம் ஏறத்தாழ 6.5 மி.மீ. 500 நியூட்டன் குறுக்கு விசை 20 மி.மீ. தூரத்தில் பட்டாலே மரையின் அடியில் சுமார் 370 மெகாபாஸ்கல் வளைவுத் தகைவு, மரைப் பள்ளத்தின் கூர்மையால் ஏறுவது தனி. ஆகவே ஆர்மின் வெளிமுனையில் ராட் எண்டைப் போட்டு அதைக் கொண்டே கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) சரிசெய்யும் வடிவம் வேண்டாம். வெளிமுனையில் பற்றவைத்த கிண்ணத்துக்குள் ஸ்பெரிக்கல் பேரிங் (பந்து வடிவ மூட்டு), சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் வளையம்) போட்டுப் பூட்டுங்கள். கேம்பரை அப்ரைட்டுக்கும் மேல் பிராக்கெட்டுக்கும் இடையில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மாற்றலாம். ராட் எண்ட் வரும் இடங்களில் மரை குறைந்தது விட்டத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே போயிருக்க வேண்டும், வெளியிலிருந்து பார்க்க ஒரு சின்னத் துளையும் வேண்டும். போல்ட் இருபுறமும் தகடு பிடித்த இரட்டை வெட்டில் இருக்கட்டும். முடியாத இடத்தில், பேரிங் உட்காரும் துளையைவிடப் பெரிய வாஷர் போடுங்கள். பேரிங் பிய்ந்தாலும் ஆர்ம் கழன்று ஓடாது. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளும் இதையே கேட்கின்றன.

எஃப்.இ.ஏ. (பாகத்தைச் சிறு துண்டுகளாக, அதாவது மெஷ்ஷாகப் பிரித்துக் கணினியில் தகைவைக் கணக்கிடும் முறை) பற்றி ஒரு எச்சரிக்கை. ஆர்மின் உள்முனைகளை முழுதாக இறுக்கிக் கட்டியதாகக் கொடுத்தால் வரும் வண்ணப்படத்துக்கு மதிப்பில்லை. உண்மையில் அங்கே சுழலும் மூட்டு இருக்கிறது. சுழற்சியை விடுவித்து, எதிர்விசைகளைப் படித்து, மேலே போட்ட கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். அவை ஒத்துவராதவரை தகைவைப் பார்க்கவே வேண்டாம். மெல்லிய பைப்புக்கு பீம் அல்லது ஷெல் மெஷ் போதும். கூர்மையான உள்மூலையில் மெஷைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போனால் அது கணக்கின் கோளாறு, பாகத்தின் கோளாறு அல்ல. மூலையில் வளைவு ஆரம் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

பொருள் தேர்வில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆர்முக்கு 4130 (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் தையலில்லாத மைல்ட் ஸ்டீல் பைப்பே போதும். எல்லா ஸ்டீலுக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கார்பன் ஃபைபர் பைப்பை முதல் காரில் தொடாதீர்கள். அதில் பிரச்சினை பைப் அல்ல, உள்ளே ஒட்டும் அலுமினியத் துண்டின் பசை.

அப்ரைட்டில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அலுமினியத்தில் 60 மி.மீ. துளை போட்டு ஸ்டீல் பேரிங்கை இறுக்கி அடித்திருப்பீர்கள். பிரேக் சூட்டில் 60 டிகிரி ஏறினால் அலுமினியம் பேரிங்கைவிட 0.04 மி.மீ. அதிகம் விரியும். அறை வெப்பத்தில் 0.03 இறுக்கம்தான் கொடுத்திருந்தீர்கள் என்றால் பேரிங் துளைக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும். இறுக்கத்தைச் சூட்டுக்குக் கணக்கிடுங்கள், கூடவே பேரிங்கை ஒரு மூடியாலோ சர்க்ளிப்பாலோ பூட்டுங்கள். 7075 ரக அலுமினியத்தைப் பற்றவைக்க நினைக்காதீர்கள். 6061-ஐப் பற்றவைக்கலாம், ஆனால் டி6 (சூடுபடுத்திப் பதப்படுத்திய நிலை) வலிமையில் ஏறத்தாழ பாதி போய்விடும்.

வெல்டிங்குக்குத் தடித்த தகட்டின் மேல் ஜிக் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் அமைப்பு) கட்டாயம். பைப் முனைகளை மீன்வாய் வெட்டாக வெட்டி, இடைவெளி 1 மி.மீ.-க்குள் வரும்வரை அரத்தால் ராவுங்கள். இடைவெளியை நிரப்பும் வெல்டு குளிரும்போது ஆர்மை இழுத்துத் திருகிவிடும். முதலில் எல்லா இடத்திலும் டாக் (புள்ளி வெல்டு), பிறகு மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாக வெல்டு, ஆறும்வரை ஜிக்கிலிருந்து கழற்றக்கூடாது. பேரிங் கிண்ணத்தின் உள்விட்டத்தை அரை மி.மீ. குறைவாக விட்டுப் பற்றவைத்து, பிறகு லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். முதலிலேயே அளவாகக் கடைந்தால் வெல்டு சூட்டில் கிண்ணம் முட்டை வடிவமாகும். பேரிங்கை உள்ளே வைத்துக்கொண்டு பற்றவைத்தால் அதன் டெஃப்லான் உறை கருகும்.

சோதனைக்கு வருவோம். பாதிக் குழுக்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றன, அது தவறு. ஆர்ம் வரையும்போதே அதை இழுக்கும் ரிக்கையும் வரைந்துவிடுங்கள்.

முதலில் வெல்டு மாதிரி: அதே பைப், ராட் எண்ட் திருக பைப் முனையில் பற்றவைக்கும் அதே மரைத்துண்டு, அதே வெல்டர். மூன்று செய்து யு.டி.எம்.-இல் (இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தில்) இழுங்கள். வெல்டுக்கு வெளியே பைப் கிழிந்தால் நல்ல வெல்டு. வெல்டே பிரிந்து வந்தால் உருகிச் சேரவில்லை என்று பொருள்.

அடுத்து முழு ஆர்ம். காரில் வரும் அதே பிராக்கெட், அதே ராட் எண்டோடு ரிக்கில் மாட்டி, டர்ன்பக்கிளும் லோட் செல்லும் வைத்து 500 நியூட்டன் படிகளாக ஏற்றி, கணக்கிட்ட விசையின் ஒன்றரை மடங்கு வரை போங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். டயல் கேஜை ரிக்கின் சட்டத்தில் மாட்டாமல் தனி ஸ்டாண்டில் வையுங்கள், சட்டமும் வளைகிறது. முதல் சுற்றில் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாதது மூட்டுகள் உட்காருவதால். மூன்றாவது சுற்றிலும் திரும்பவில்லையென்றால் எங்கோ யீல்டு ஆகிறது அல்லது போல்ட் நழுவுகிறது. முடிந்ததும் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து வெல்டு ஓரங்களைப் பாருங்கள். ஒரு ஆர்மைக் கூடுதலாகச் செய்து உடையும்வரை இழுங்கள். எங்கே உடையும் என்று முன்பே எழுதிவைத்துவிட்டு இழுப்பது முக்கியம். இழுபட்ட நிலையில் ரிக்கின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது, நடுவே தடித்த பாலிகார்பனேட் தகடு வேண்டும்.

ஓடும் காரில் அளக்க ஸ்ட்ரெயின் கேஜ் (பைப்பில் ஒட்டி அதன் நீட்சியை மின்சாரத்தால் அளக்கும் பட்டை). வெல்டிலிருந்து பைப் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி, பைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஒட்டுங்கள். ஒன்று மட்டும் ஒட்டினால் இழுவையா வளைவா என்று பிரிக்க முடியாது. 72 மெகாபாஸ்கலுக்கு 350 மைக்ரோஸ்ட்ரெயின், 5 வோல்ட்டில் ஒரு கேஜுக்கு 0.9 மில்லிவோல்ட்கூட வராது, ஆம்ப்ளிஃபயர் தேவை. எல்லாரும் வாங்கும் எச்.எக்ஸ்.711 ஆம்ப்ளிஃபயர் சிப் நொடிக்கு அதிகபட்சம் 80 முறைதான் படிக்கும். சக்கரம் துள்ளுவது 10 முதல் 15 ஹெர்ட்ஸ். ஒரு துள்ளலுக்கு ஐந்து முதல் எட்டு புள்ளிகள்தான் கிடைக்கும், உச்சம் தப்பிவிடும். நிலைச் சோதனைக்கு அது சரி, ஓட்டத்துக்கு 500 ஹெர்ட்ஸாவது படிக்கும் கருவி வேண்டும். கேஜ் ஒட்டிய ஆர்மை ரிக்கில் தெரிந்த விசைகளுக்கு அளவீடு செய்துவிட்டே காரில் மாட்டுங்கள்.

ஸ்பிரிங்கில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் மோஷன் ரேஷியோ (சக்கரம் அசையும் அளவுக்கு ஸ்பிரிங்-டாம்பர் எவ்வளவு அசைகிறது என்ற விகிதம்). சக்கரமும் அப்ரைட்டும் நீங்கலாக மூலைக்கு 60 கிலோ, கார் மேலும் கீழும் ஆடும் வேகம் 2.5 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சக்கரத்தில் 14.8 நியூட்டன்/மி.மீ. சக்கரம் 1 மி.மீ. அசைய டாம்பர் 0.8 அசைந்தால், 0.8-ஐ இருமடி செய்து வகுக்க வேண்டும், 23.1 வரும். ஒருமுறை மட்டும் வகுத்தால் 18.5 வந்து கார் தரையைத் தட்டும். வரைபடத்தை நம்பாமல் சக்கரத்தை 5 மி.மீ. படிகளாக உயர்த்தி டாம்பர் நீளத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள்.

பம்ப் ஸ்டியரை (சக்கரம் மேலும் கீழும் அசையும்போது தானாகத் திரும்புவதை) அளக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹப்பில் நேரான தகடு மாட்டி, 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு டயல் கேஜ் வையுங்கள். மேலும் கீழும் 25 மி.மீ. அசைக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் அரை மி.மீ. வந்தால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கிட்டத்தட்ட 0.1 டிகிரி மாறியிருக்கிறது. வரைந்தால் சாய்ந்த நேர்க்கோடு வருகிறதா, டை ராடின் (ஸ்டியரிங் ரேக்கை அப்ரைட்டோடு இணைக்கும் தண்டின்) ஒரு முனையின் உயரம் தவறு, ஷிம்மால் சரியாகும். வில்லாக வளைகிறதா, டை ராடின் நீளம் தவறு, ஷிம் வைத்துப் பயனில்லை, ரேக்கின் அகலத்தையோ உள்மூட்டின் இடத்தையோ மாற்ற வேண்டும்.

ஓட்டத் தொடங்கும் முன் சக்கரம் முழு ஏற்றத்திலும் ஸ்டியரிங் முழுத் திருப்பத்திலும் இருக்கும்போது ரிம்முக்கும் ஆர்முக்கும் இடையே விரல் நுழைகிறதா பாருங்கள். எல்லா லாக் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, நட்டிலிருந்து தகடு வரை பெயின்ட் கோடு போடுங்கள். முதல் சில சுற்றுகள் மெதுவாக, பிறகு நிறுத்தி, கோடு விலகிய நட்டு எது என்று தேடுங்கள். பெரும்பாலும் புஷ்ராட்டின் லாக் நட்டும் பெல்கிராங்க் (புஷ்ராட்டின் விசையை ஸ்பிரிங்குக்குத் திருப்பும் நெம்புகோல்) போல்ட்டும்தான் முதலில் தளரும்.