கடினமான புத்தகத்தைப் பாதியில் விட்டுவிடலாமா, முட்டி மோதிப் படித்து முடித்தால் பலன் உண்டா?

விடாதீர்கள். நாற்பது ஐம்பது பக்கம் போயிருப்பீர்கள், ஒன்றும் மனதில் ஒட்டியிருக்காது, நமக்கு இது வராது என்று தோன்றியிருக்கும். எனக்கு அப்படி இரண்டு முறை ஆனது சிலப்பதிகாரத்தில். நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை, மில்லில் கணக்கு எழுதுகிறவன். புலவர்கள் இதில் பிழை கண்டால் திருத்தட்டும். "கதைச் சுருக்கம் போதுமே" என்பவர்களுக்கு மட்டும் இடம் கொடுக்க மாட்டேன்.

இரண்டு முறையும் நின்றது மூன்றாவதான அரங்கேற்று காதையில். காதை என்றால் அத்தியாயம் மாதிரி; இதில் மாதவியின் நடன அரங்கேற்றம். ஆடலாசிரியன் எப்படி இருக்க வேண்டும், குழலோன் எப்படி, யாழோன் எப்படி, மேடை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் முறை ந.மு.வேங்கடசாமி நாட்டார் உரையை வைத்துக்கொண்டு, புரிந்தாலும் புரியாவிட்டாலும் தினம் இரண்டு பக்கம் என்று உட்கார்ந்தேன்.

பத்தாவது காதையில், செல்வத்தைத் தொலைத்த கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மதுரைக்குக் கிளம்புகிறார்கள். கொஞ்ச தூரம் நடந்ததுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது, மதுரை எது என்று கேட்கிறாள். முப்பது காதம் இருக்கிறது. கோவலன் "பக்கம்தான்" என்று சிரிக்கிறான். அங்கேதான் முதன்முதலாகப் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பிறகு காடு, வேட்டுவர், மதுரைக் கடைத்தெரு, ஒன்பது மணிகளின் குற்றம் குணம். சலித்துச் சலித்துத்தான் படித்தேன். பதினாறாவது, கொலைக்களக் காதை. இடைச்சேரியில் மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். புகாரின் பெருவணிகன் மாநாய்கன் மகள். காய் நறுக்கி விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் தருகிறாள். தனக்குத் தெரிந்த அளவில் ஆக்கி, வாழைக் குருத்தை விரித்து, "அமுதம் உண்க அடிகள் ஈங்கு" என்கிறாள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

1989இல் சீர்காழியில் எங்கள் மளிகைக் கடை போயிற்று. அப்பா கோவலன் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். திண்டுக்கல்லில் தெரிந்தவர் வீட்டுப் பின்கட்டில் வந்து இறங்கினோம். கேஸ் அடுப்பில் சமைத்துப் பழகிய அம்மா, அடுத்தவர் வீட்டு விறகடுப்பை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, முதல் நாள் அப்பாவுக்குச் சோறு போட்டாள். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கோவலன் சாப்பிட்ட பிறகு கண்ணகியை அருகில் அழைத்து, உனக்குச் சிறுமை செய்தேனே, எழு என்றதும் எழுந்து வந்தாயே என்று வருந்துகிறான். அப்பா கடைசிவரை அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது அவருக்கு.

அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்குப் போதுமானதாக இருந்திருக்காது. அத்தனை பக்கம் நடந்து களைத்து வந்து அந்த அடுக்களையில் நுழைந்ததால்தான் அந்த இலை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் எடுத்தது நூலகப் பிரதி. அதில், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதைப் பக்கங்களை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். போட்டித் தேர்வுக்காக இருக்கும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, ஒப்பிட்டு, 1892இல் அச்சில் கொண்டுவந்த நூல். ஜெராக்ஸ் எடுக்க எவ்வளவு ஆகிவிடும்? நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவுக்குக் கண்ணகி சமைத்துப் போடும் அந்த இடத்தை வாசித்து, வரிக்கு வரி பொருள் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளாப்பா?" என்றாள்.

திரும்பப் புரட்டிப் பார்த்தேன். அவன் உண்டான், அவள் வெற்றிலை பாக்கு கொடுத்தாள் என்று இருக்கிறது. அவள் உண்டதாக ஒரு வரியும் இல்லை.