சுவரில் ஊரும் வெள்ளரி விதை

கேள்வி: குளியலறைச் சுவரில், கட்டிலுக்குப் பின்னால், அலமாரி ஓரத்தில் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளரி விதை மாதிரி சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் பூச்சு உதிர்ந்திருக்கிறது என்று நினைத்துத் தட்டப் போனால் நகர்கிறது! இதற்குப் பெயர் என்ன? கைக்குழந்தை இருக்கும் வீடு, கடிக்குமா? மருந்து அடித்துவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். அது கடிக்காது, கொட்டாது, விஷமும் கிடையாது. நீங்கள் பார்த்தது பூச்சியை அல்ல, அதன் வீட்டை. உள்ளே சுமார் 7 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு புழு இருக்கிறது, வளர்ந்து சின்னஞ்சிறு சாம்பல் நிற அந்துப்பூச்சியாகப் பறந்துபோகும்.

தமிழில் இதற்கென்று எல்லாரும் சொல்லும் ஒரே பெயர் இல்லை. கூட்டோடு திரிவதால் ‘கூட்டுப்புழு’ என்றுதான் பலர் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பள்ளிப் பாடத்தில், புழு பூச்சியாக மாறுவதற்கு முன் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் பருவத்துக்கு வைத்துவிட்டதால் குழப்பம் வருகிறது, ‘கூடு சுமக்கும் அந்து’ என்று சொன்னால் எனக்குச் சரியாகப் படுகிறது. அறிவியலில் ஃபெரியோகா என்னும் பேரினம். அதிகம் ஆராயப்பட்டது ஃபெரியோகா யூட்ரெல்லா. இந்தியாவிலும் இலங்கையிலும் ஃபெரியோகா அலுடெல்லா என்ற நெருங்கிய இனமும் பதிவாகியிருக்கிறது, வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அந்தக் கூட்டை ஒரு தடவையாவது லென்ஸ் வைத்துப் பாருங்கள். புழு முதலில் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் தரையோடு ஒட்டிய ஒரு சின்ன வளைவைக் கட்டுகிறது, அதில் மணல், தூசி, துணிப் பிசிறு, தலைமுடி, எறும்பின் உடைந்த கால் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டுகிறது, வளைவை நீட்டிச் சுரங்கமாக்கி அப்புறம் அடிப்பக்கத்தையும் மூடிவிட்டு, மொத்தக் குழாயையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. இரண்டு முனையும் திறந்திருக்கும், நடு அகலமாக இருக்கும். அந்த அகலத்தில்தான் புழு உள்ளேயே திரும்பிக்கொண்டு மறுமுனை வழியாகத் தலையை நீட்டும். உடம்பு வளர வளர வீட்டையும் பெரிதாக்கும். முட்டையிலிருந்து பூச்சியாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும்.

அதற்கு மிகப் பிடித்த சாப்பாடு பழைய சிலந்தி வலை! செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி நூல் இவையும் தின்னும். பருத்தித் துணியைத் தொடாது என்றே சொல்லலாம். கம்பளிகளை மட்டும் வெயிலில் காயவைத்து, உதறி, மூடி வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் இதற்குச் சரிப்படாது, அதனால்தான் குளியலறையிலும் காற்றோட்டமில்லாத மூலையிலும் கூடுகிறது.

ஆகவே மருந்து வேண்டாம். கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் புழுவின் மேல் மருந்து சரியாகப் படப்போவதில்லை, குழந்தை மூச்சில்தான் போகும். வாரம் ஒருமுறை ஒட்டடை அடியுங்கள், கட்டிலை நகர்த்திக் கூட்டுங்கள், தெரிகிற கூடுகளைத் துடைப்பத்தால் எடுத்து வெளியே போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பாடும் ஈரமும் போனால் அதுவும் போய்விடும்.

கேள்வி: எங்கள் மரத்தில் குச்சிக் கட்டைச் சுமந்துகொண்டு தொங்கும் புழுவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘பேக்வார்ம்’ என்று அழைப்பதால் வந்த வினை இது. மரத்தில் தொங்குவது சைக்கிடே குடும்பம், இலை தின்பது. அதன் பல இனங்களில் பெண் பூச்சிக்குச் சிறகே முளைக்காது, அந்தப் பைக்குள்ளேயே வாழ்ந்து, பெரும்பாலும் அங்கேயே முட்டையிட்டு இறந்துபோகும். சுவரில் ஊர்வது டினெயிடே குடும்பம், துணி அரிக்கும் அந்துக்கு உறவுக்காரன்.

கேள்வி: மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டும் இவை வருகின்றனவே?
– வாசகி, மதுரை

பதில்: அந்துருண்டையின் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கினால்தான் வேலை செய்யும், திறந்த அறையில் காற்றோடு போய்விடும். ‘அந்து’ என்று நம் பெரியவர்கள் முதலில் சொன்னதே குதிரில் நெல்லை அரிக்கும் பூச்சியைத்தான். பெயரில் அந்து இருப்பதால் எல்லா அந்தும் ஓடிவிடாது. அந்துருண்டையைக் குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள், அது விஷம். மூலைகளில் போட்டதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டின் ஒரு முனையில் மெல்லிய பழுப்புத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சி ஏற்கெனவே பறந்துவிட்டது, அது வெறும் கூடு.