இயற்பியல் மாணவி, கணக்கு டியூஷன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கும்பகோணம் பக்கம் சின்ன ஊர். பஸ் செலவுக்காவது ஆகட்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒரு பையனின் அம்மா, "நீ மேத்ஸ் மேஜர் இல்லையாமே பாப்பா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கணக்கை நான் கருவியாகத்தான் பழகியிருக்கிறேன். தேற்றம், நிரூபணம் என்றால் தயக்கம். எனக்குச் சொல்லித்தரத் தகுதி இருக்கிறதா? ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால்கூட "பார்த்துக் கொடுங்க" என்றுதான் வாயில் வருகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

எனக்குக் கணக்கு சொல்லித்தந்தவரும் பிசிக்ஸ்காரர்தான். எங்கள் தெருவில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் நான் ஃபெயில். முதல் மூன்று நாள் அவர் எதுவுமே சொல்லித்தரவில்லை. கணக்கு கொடுத்துவிட்டு, நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் என் நோட்டில் ஓரிடத்தில் விரல் வைத்தார். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறேன்.

அவர் தப்பு என்று சொல்லவில்லை. "அரை தோசை வச்சிருந்தே. இன்னும் கொஞ்சம் போட்டேன். இப்ப உன் தட்டுல அரையைவிடக் கம்மியா இருக்கு. எப்படிடா?" என்றார். அரை என்பது 0.5, ஐந்தில் இரண்டு 0.4. எத்தனையோ வருடமாக நான் செய்துவந்த பிழை அந்த ஒரு கேள்வியில் நின்றது. அதற்குமுன் யாரும் என்னிடம் விடை நியாயமாக இருக்கிறதா என்று கேட்டதே இல்லை. சரியா தப்பா என்றுதான் கேட்டார்கள்.

உங்களிடம் இருப்பது அந்தக் கேள்விதான். ஆய்வகத்தில் ஒரு நூலின் நீளம் மைனஸில் வந்தால் நீங்கள் அடுத்த வரிக்குப் போகமாட்டீர்கள். அந்தப் பழக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய வரம்.

இருபடிச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தன்மைக்காட்டியை 'பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏசி' என்று பிள்ளைகள் மந்திரம் மாதிரி சொல்வார்கள். அது பூஜ்யத்தைவிடப் பெரிதென்றால் இரண்டு வெவ்வேறு மூலங்கள், பூஜ்யம் என்றால் சமமான மூலங்கள், குறைந்தால் மெய் மூலங்கள் இல்லை. மூன்றையும் மனப்பாடமாக எழுதி மார்க் வாங்குவார்கள். நீங்கள் ஒரு பந்தை மேலே எறியுங்கள். விநாடிக்கு 20 மீட்டர் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் உயரம் 20 டி மைனஸ் 5 டி ஸ்கொயர்; டி என்பது எறிந்த பிறகு ஆன விநாடிகள். பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும்? கணக்கு 1, 3 என்று இரண்டு விடை தரும். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. 20 மீட்டரில் எப்போது? 2 மட்டும்தான், அதுதான் உச்சி. சரி, 25 மீட்டரில்? சமன்பாட்டை ஐந்தால் வகுத்துச் சுருக்கினால் தன்மைக்காட்டி மைனஸ் 4. பந்து அங்கே போகவே போகாது! மெய் மூலம் இல்லை என்பதற்கு அதுதான் அர்த்தம்.

இன்னும் ஒன்று. அதே பந்தை 25 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து எறிந்தால் தரையைத் தொடும் நேரம் 5, அல்லது மைனஸ் 1. "குறை எண், ஏற்க இயலாது" என்று எழுதி அடித்துவிடச் சொல்வார்கள். அடிப்பதற்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பந்தை ஒரு விநாடிக்கு முன்பு தரையிலிருந்து 30 மீட்டர் வேகத்தில் யாராவது எறிந்திருந்தால், மொட்டைமாடியைத் தாண்டும்போது சரியாக 20 மீட்டர் வேகத்தில்தான் போயிருக்கும். சமன்பாடு நாம் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது. இதைக் கேட்டு ஒரு பிள்ளையின் கண் விரிந்தால் அன்றைய டியூஷன் அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. பரீட்சையில் 8 மார்க் வரைபடத்துக்கு அவர்கள் ஸ்கேலும் பென்சிலுமாகப் போடும் பரவளையமும் இதே குடும்பம்தான் என்று மறக்காமல் காட்டுங்கள்.

உங்கள் தயக்கத்திலும் நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சின்னக் கோணம் என்றால் சைன் தீட்டாவைத் தீட்டா என்றே எழுதிவிடுவது, டிஒய் பை டிஎக்ஸைப் பின்னம் மாதிரிப் பிரித்து இரண்டு பக்கமும் தள்ளுவது எல்லாம் உங்கள் துறையின் கைப்பழக்கம். அங்கே அது செல்லும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தேல்ஸ் தேற்றத்தை நிரூபிக்கும்போது "பார்த்தாலே தெரியுதே" என்று சொல்லிவிடாதீர்கள். பார்த்தால் தெரிவதை ஏன் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடமே. ஸ்டெப்புக்கு மார்க் என்பது அப்புறம். புத்தகத்தில் உள்ள நிரூபணங்களை முந்தின நாள் ராத்திரி நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். மாட்டிக்கொண்டால், எந்த வரியில் மாட்டினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பிள்ளையும் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

ஃபீஸ் விஷயம். முதல் நாளே தொகையைச் சொல்லுங்கள், மாதத்தில் எந்தத் தேதிக்குள் என்பதையும். "பார்த்துக் கொடுங்க" என்றால் கொடுப்பவருக்கும் சங்கடம். முடியாத வீடு என்று தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழ வேண்டாம்.

தகுதி பற்றிக் கேட்டீர்கள். 1902 பிப்ரவரி 5 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. மாணவர்களுக்குக் கணிதத்திலும் இயற்பியலிலும் தனி வகுப்பு, மாதிரி வகுப்பு இலவசம். கொடுத்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், அப்போது வயது 22. படிப்பு முடித்து ஒன்றரை வருடம் ஆகியும் நிலையான வேலை இல்லை. காப்புரிமை அலுவலக வேலை அந்த ஜூனில்தான் கிடைத்தது. விளம்பரத்தைப் பார்த்துப் படிக்க வந்த மோரிஸ் சோலோவின் என்ற ருமேனிய இளைஞரோடு பேசிப் பேசி, சில நாளிலேயே ஐன்ஸ்டைன் பாடத்தை விட்டுவிட்டார். பேச்சு அதைவிட நன்றாக இருந்ததாம். கொன்ராட் ஹாபிக்ட் என்ற கணித மாணவரும் சேர்ந்துகொள்ள, மூவரும் ராத்திரிகளில் தத்துவவாதி ஹ்யூமையும் கணிதமேதை பொயன்காரேயையும் வாசித்தார்கள். டியூஷன் வருமானம் போனது. ஆனால் அந்த நட்பு கடைசிவரை இருந்தது.

அந்த விளம்பரத்திலிருந்து ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா மறுபடி கேட்டால், "ஆமாங்க, நான் பிசிக்ஸ்தான். இன்னைக்கு ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லுங்கள். அவரையும் பையன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு, பந்தை எறியுங்கள்.

அன்புடன்.