அசீடியா: பாவமா, நோயா?

கேள்வி: 46 வயதான அருட்சகோதரி நான். சில மாதங்களாகச் செபத்தில் மனம் ஒன்றவில்லை. மடத்தை விட்டு எங்காவது போய்விடலாமா என்றிருக்கிறது. இதற்கு ‘அசீடியா’ என்று பெயர், சோம்பல் என்னும் தலையான பாவம் இதுதான் என்கிறார் ஒருவர். உண்மையா?

மருத்துவர் பதில்: சோம்பல் என்ற பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏறியது, சகோதரி. மூலமான கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் அக்கறையின்மை. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தியப் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்த எவாக்ரியுஸ், துறவியரை அலைக்கழிக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்து, 91-ஆம் திருப்பாடலின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் ‘நண்பகல் பேய்’ இதுவே என்றார். சூரியன் நகராதது போலவும் பகல் ஐம்பது மணி நேரம் நீள்வது போலவும் தோன்றும் என்றும், துறவி அடிக்கடி சன்னல் பக்கம் பார்த்து, தம் அறையையும் கைத்தொழிலையும் வெறுத்து, வேறிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணத் தொடங்குவார் என்றும் அவர் எழுதியிருப்பது, நோயாளியின் அருகே அமர்ந்து எடுத்த குறிப்பைப் போல இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அதே எண்ணம்தானே இருக்கிறது!

இக்கருத்தைத் துறவி யோவான் காசியான் இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்றார். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் தலையான பாவங்களைத் தொகுத்த தம் பட்டியலில் இதற்குத் தனியிடம் தராமல் ‘துயரம்’ என்பதையே வைத்தார். அவ்விடத்தில்தான் பின்னாளில் சோம்பல் வந்து அமர்ந்தது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டில்கூட இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை இறைநன்மை குறித்து எழும் துயரம் என்றே விளக்கினார். ஓயாமல் ஓடியாடி உழைப்பவருக்கும் அது வரலாம்.

பாவமா என்பதை உங்கள் ஆன்ம குருவிடம் கேளுங்கள். நோயா என்பதை நான் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் மாறி, நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணமும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியவையும் இப்படிக் காட்டலாம் என்பதால் முதலில் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் காத்திராமல் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள்.

சந்தைக்கு எட்டாத தொலைவில் வாழ்ந்த பவுல் என்ற துறவி, விற்க வழியில்லாதபோதும் அசீடியாவை வெல்வதற்காக ஆண்டு முழுவதும் கைவேலை செய்து, சேர்ந்ததை ஆண்டிறுதியில் எரித்துவிடுவார் என்று காசியான் சொல்கிறார். மனம் வரட்டும் என்று காத்திராமல் குறித்த நேரத்தில் சிறு வேலையொன்றைச் செய்யவைப்பதை நாங்களும் மனச்சோர்வுச் சிகிச்சையில் கையாளுகிறோம். தோட்டமோ தையலோ, தினம் அரைமணி நேரம் தொடங்குங்கள். மடத்தை விட்டுப் போவது பற்றிய முடிவைப் பரிசோதனையும் சிகிச்சையும் முடியும்வரை தள்ளிவையுங்கள்.